நாற்பத்தொன்றுக்கு உறை இல்லை

ஜூன் 5

என் வாயாடிக்கு,

நான் நலம். நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று எழுதுவது முறை. நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா என்று சந்தேகப்படுவது என் வழக்கம். இரண்டையும் செய்துவிட்டேன்.

தீவு சின்னது; 'வானிலை நிலையம்' என்ற பலகைதான் பெரியது. மூன்று பேர் இருக்கிறோம். காற்றையும் மேகத்தையும் அலையையும் அளந்து எழுதுபவள் நான். எழுதியதைக் கரைக்குச் சொல்பவர் வானொலிக்காரர். எங்கள் இருவருக்கும் பசிக்கும் என்பதை நினைவு வைத்திருப்பவர் சமையற்காரர். படகு மாதம் ஒருமுறை வரும், ஒரு மணி நேரம் நிற்கும். கடல் முகம் சுளித்தால் அதுவும் கிடையாது. ஒரு வருஷப் பணி. நடுவில் கிடைக்கும் விடுப்பை எடுக்காமல் சேர்த்து வைத்தால் முன்னதாகவே மூட்டை கட்டி ஒரேயடியாக வந்துவிடலாம். அப்படித்தான் திட்டம்.

உயர்நிலைப் பள்ளியில் சேரும் பிள்ளைக்கு அறிவுரை சொல்லாத பெரியவர் உலகத்தில் இல்லை. வழியோடு போகிறவர்கூட நின்று நாலு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போவார். நான் பெற்றவள். சும்மா இருக்க முடியுமா? ஆனால் மாதம் ஒரு படகை நம்பி அறிவுரை சொன்னால், வீடு எரிந்து முடிந்தபின் வாளியோடு வந்து நிற்பவள் கதையாகிவிடும். அதனால் எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதி, ஐந்து உறைகளில் போட்டு அனுப்பியிருக்கிறேன். முதல் உறை, பள்ளியில் முதல் நாள். இரண்டாவது, பேச ஆள் இல்லாதபோது. மூன்றாவது, ஆசிரியரைப் பிடிக்காதபோது. நான்காவது, மதிப்பெண் குறைந்தபோது. ஐந்தாவது, முதலிடம் வந்தபோது. மேலே எழுதியிருக்கும் நிலைமை வந்தால் மட்டுமே திறக்கவேண்டும்.

நீ என் மகள், சொன்ன சொல் காப்பாய். உன் அப்பாவுக்கும் மகள் என்பதால் பசையைக் கொஞ்சம் கூடுதலாகத் தடவியிருக்கிறேன்.

முத்தங்களுடன்,
அம்மா


ஜூன் 27

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் சௌக்கியம். நேரத்துக்குத்தான் சாப்பிடுகிறோம், எந்த நேரத்துக்கு என்று நீங்கள் குறிப்பிடவில்லை.

உங்கள் உறைகள் வந்தபோது பள்ளி திறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அதனால் 'முதல் நாள்' உறையை எட்டாம் நாள் திறந்தேன். முன்வரிசையில் உட்காரச் சொல்லியிருந்தீர்கள். முன்வரிசை குள்ளமானவர்களுக்காம். அப்பா மூன்று வருஷ வளர்ச்சியைக் கணக்கில் வைத்துச் சீருடை தைத்திருப்பதால் நான் பார்ப்பதற்கு உயரமாகத் தெரிகிறேன் போலிருக்கிறது, பின்னால் அனுப்பிவிட்டார்கள். "தையற்காரர் பொண்ணுக்கே இவ்ளோ தொளதொளன்னு தைக்கணுமாப்பா?" என்று கேட்டேன். "வளர்ந்து காட்டு, அப்புறம் பேசு" என்றார்.

இரண்டாவது உறையும் தேவைப்பட்டது. தனியாக நிற்கும் இன்னொருத்தியைத் தேடு, உனக்குத் தேவையே இல்லாத ஒரு பொருளை அவளிடம் கடன் கேள் என்று எழுதியிருந்தீர்கள். போய் ரப்பர் கேட்டேன். அவள் என் பையைக் காட்டி, "உன்கிட்டயே ரெண்டு இருக்கே?" என்றாள். மாட்டிக்கொண்டேன். இப்போது அவள்தான் என் தோழி. அவளுக்கு 'ரப்பர்' என்று பெயர் வைத்திருக்கிறேன். அவள் எனக்கு என்ன பெயர் வைத்திருக்கிறாள் என்று சொல்ல மாட்டேன்.

கணக்கு சாருக்கு 'ஆகவே' என்று பெயர். நான் வைத்ததில்லை, பரம்பரையாக வருவது. பலகையில் ஒரு வரி எழுதுவார், 'ஆகவே' என்பார், கீழே விடை இருக்கும். இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று அவருக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். மூன்றாவது உறையை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். அவரைப் பிடிக்கவில்லை என்று இன்னும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அவர் பேச்சு புரியவில்லை, அவ்வளவுதான். புரியாததற்கு உறை உண்டா?

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்பு மகள்


ஜூலை 4

என் வாயாடிக்கு,

சுகம். உன் கடிதத்தைப் படித்துச் சிரித்ததில் அரை மணி போய்விட்டது. மிச்ச அரை மணியில் எழுதுகிறேன்; படகுக்காரர் கடிகாரத்தைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்க்கிறார்.

மூன்றாவது உறையைத் தாராளமாகத் திற. புரியாத ஆசிரியரைப் பிடிக்கவில்லை என்று சொல்லாமல் இருப்பது வெறும் மரியாதைதான். உள்ளே இருப்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்: எந்த இடத்தில் புரியாமல் போகிறதோ அந்த இடத்திலேயே எழுந்து கேள். வீட்டுக்கு வந்து யோசித்தால் புரியாதது பெருகும், குறையாது.

இங்கே படிக்க ஒரே ஒரு புத்தகம், கலைக்களஞ்சியத்தின் இரண்டாம் தொகுதி. 'க'வில் தொடங்கி 'ச'வில் முடிகிறது. காற்றைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேள், சொல்கிறேன். மழை வேறு ஏதோ தொகுதியில் பெய்கிறது. கணிதம் நல்லவேளையாக 'க'வில் இருக்கிறது. நேற்று அதையும் படித்தேன். அதிலும் ஐந்தாறு இடத்தில் 'ஆகவே' வருகிறது. ஆக, உன் சார் தனி ஆளில்லை.

அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

அம்மா


செப்டம்பர் 30

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். நலம் அறிய ஆவல்.

போன படகுக்கும் அதற்கு முந்தின படகுக்கும் எழுத முடியவில்லை. தேர்வு இருந்தது. முடிவும் வந்துவிட்டது. கணக்கு விடைத்தாளைக் கொடுக்கும்போது என் பெயரைச் சொன்னதும் வகுப்பே திரும்பிப் பார்த்தது.

உறையைத் திறந்தேன். அதில் சொன்னபடியே நடந்தேன். கர்வப்படவில்லை. யாரும் கேட்காமல் என் மதிப்பெண்ணைச் சொல்லவில்லை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் விடைத்தாளைக் காட்ட அப்பாவை அனுமதிக்கவில்லை. மற்றவர்களிடம் மென்மையாகப் பேசினேன்.

அப்பா நலம். ரப்பர் நலம்.

அன்பு மகள்


அக்டோபர் 6

என் செல்ல வாயாடிக்கு,

நலமாவது, அதற்கு மேலாவது! படகுத்துறையில் ஒரு மரப்பெட்டியின் மேல் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணினால் காற்றைக் குறை சொல்லிக்கொள்ளலாம்.

முதலிடம்! அந்த உறையைத் திறக்க உனக்கு ஒரு வருஷமாவது ஆகும் என்று நினைத்திருந்தேன். முதல் தேர்விலேயே திறந்துவிட்டாயே. அதுவும் கணக்கில், அதுவும் அந்த 'ஆகவே'யிடம்! செய்தி கேட்டுச் சமையற்காரர் ஆம்லெட்டில் ஒரு முட்டையைக் கூடுதலாக உடைத்தார். இந்தத் தீவில் அது அரசு மரியாதைக்குச் சமம். "இன்னைக்கு அனுப்புற செய்தியில 'தெளிவான வானம், மகள் முதலிடம்'னு சேர்த்துடட்டுமா அக்கா?" என்று வானொலிக்காரர் கேட்டார். சர்க்கார் அலைவரிசையில் சொந்தப் பெருமை கூடாது என்று தடுத்துவிட்டேன். தடுத்ததில் எனக்கும் வருத்தம்தான்.

கடிதம் ஏன் இத்தனை சிறியது? அடக்கம் தேவைதான், அதைக் கடிதத்தின் நீளத்திலும் காட்டவேண்டுமா? அடுத்த முறை எல்லாம் விவரமாக எழுது. யார் என்ன சொன்னார்கள், யார் முகம் எப்படிப் போயிற்று, ஒன்று விடாதே. பெற்றவளிடம் கொஞ்சம் கர்வப்பட்டால் தப்பில்லை.

ஆயிரம் முத்தங்களுடன்,
அம்மா


அக்டோபர் 21

அன்புள்ள வீட்டுக்காரிக்கு (தற்போது வீட்டில் இல்லாதவளுக்கு),

இங்கே இருவரும் உடம்புக்கு நலம். உடம்பை மட்டும்தான் சொல்கிறேன்.

எனக்குக் கத்தரிக்கோல் பிடித்த அளவுக்குப் பேனா பிடித்துப் பழக்கமில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். நம் பெண் கணக்கில் முதலிடம் வரவில்லை. நூற்றுக்கு இருபத்தேழு. முப்பத்தைந்து எடுத்தால்தான் தேர்ச்சி.

உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் கேட்டாள். வாயில் ஊசி இருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் சத்தியம் செய்ததாக ஆகாது என்று நினைக்கிறேன்.

அன்றைக்கு விடைத்தாளோடு நேராகக் கடைக்குத்தான் வந்தாள். மெஷினுக்குக் கீழே இருக்கும் சின்ன முக்காலியில் உட்கார்ந்து உன் நான்காவது உறையைத் திறந்தாள். படித்தாள். மறுபடி படித்தாள்.

"அப்பா, அம்மாவுக்குக் கிண்டல் பண்ற பழக்கம் உண்டா?"

"என்னைப் பண்ணுவா. உன்னைப் பண்ண மாட்டாளே. ஏம்மா?"

வாங்கிப் பார்த்தேன். 'வாழ்த்துகள் கண்ணே, இந்த மதிப்பெண் உன் தலைக்கு ஏறாமல் பார்த்துக்கொள்' என்று தொடங்குகிறது. உள்ளே போடும்போது தாளை மாற்றிப் போட்டுவிட்டாய். முன்பக்கத் துணியையும் பின்பக்கத் துணியையும் மாற்றித் தைத்தால் சட்டை போட்டுக்கொள்ளலாம், பொத்தான்தான் போட முடியாது. அப்படி இருந்தது அவள் முகம்.

"அப்போ நீ தேடுறது அஞ்சாவது உறையில இருக்கும்மா. கொண்டா, பிரிச்சிடலாம்" என்றேன்.

"அது முதலிடம் வந்தாத்தாம்பா. அம்மா மேல எழுதியிருக்காங்கல்ல."

"அம்மா எழுதினதுதான் தப்புன்னு ஆயிடுச்சே!"

"உள்ளே போட்டதுதான் தப்பு. எழுதினது தப்பில்ல" என்றாள். இந்த வாதத்தை உன்னிடமிருந்துதான் கற்றிருக்க வேண்டும்.

பிறகு உன் வாழ்த்துக் கடிதம் வந்தது. முதல் இரண்டு வரியைச் சத்தமாகப் படித்தாள். மிச்சத்தை உள்ளே போய்ப் படித்தாள். இப்போது தினமும் கணக்குப் போடுகிறாள். ஐந்தாவது உறையை விளக்கின் மேல் சாய்த்து வைத்திருக்கிறாள். தோற்றுப்போன பிள்ளைக்கு அம்மா என்ன சொன்னாள் என்று தெரிந்துகொள்ள, அந்தப் பிள்ளை முதலிடம் வரவேண்டியிருக்கிறது. நாள் முழுக்கக் கத்தரிக்கோலைக் கையில் வைத்திருக்கிறேன். ஒரு காகிதத்தை வெட்ட எனக்கு அனுமதியில்லை.

நீதான் ஏதாவது செய்யவேண்டும்.

இப்படிக்கு,
அவள் அப்பா


நவம்பர் 8

என் கண்ணுக்கு,

நலம் விசாரிக்க இப்போது எனக்கு முகமில்லை. பிறகு விசாரிக்கிறேன்.

நேற்று வந்த படகு துறையை ஒட்டவே இல்லை. அலை அப்படி. பையை எறிந்துவிட்டு அப்படியே திரும்பிவிட்டது. பையில் அப்பாவின் கடிதம் மட்டும். அவரைத் திட்டாதே, வாயில் ஊசி இருந்ததாம்.

அந்த ஐந்தாவது உறையை இப்போதே திற. இது என் உத்தரவு. மேலே எழுதியதை நான் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். இதை எழுதி முடித்துவிட்டேன், ஆனால் அனுப்ப வழியில்லை. அடுத்த படகு டிசம்பரில்தான்.

டிசம்பர் 5

இன்று படகு வரவேண்டிய நாள். அது புறப்படலாமா வேண்டாமா என்பது என் அளவைப் பொறுத்தது. காலையில் அளந்தேன், கடல் படகுக்கு ஆகாது என்று வந்தது. மறுபடி அளந்தேன். அதேதான். எழுதி நீட்டினேன். வானொலிக்காரர் அதைப் பார்த்தார், பிறகு உனக்கு எழுதிய உறையைப் பார்த்தார்.

"அக்கா, ஒரே ஒரு எண்ணைக் குறைச்சுப் போட்டா படகு கிளம்பிடும். யாருக்குத் தெரியப்போகுது?"

"படகுக்குத் தெரியும்."

"சரி, வானொலியில சொல்லட்டுமா? சொந்தச் செய்தி கூடாது, உயிர் போற அவசரம்னா மட்டும் பரவாயில்ல. இது உயிர் போற அவசரம்தானே?"

"இல்லீங்க. இருபத்தேழு மார்க்குக்கு உயிர் போகாது. அதைத்தான் அவகிட்டச் சொல்லணும்."

அவர் இருந்ததை இருந்தபடியே கரைக்கு அனுப்பினார். படகு வரவில்லை. வேறு எந்த வேலையிலாவது இருந்திருந்தால் கடலைத் திட்டியிருப்பேன். இந்த வேலையில் என்னைத்தான் திட்டிக்கொள்ளலாம்.

டிசம்பர் 12

படகு வந்துகொண்டிருக்கிறது. ஒன்று சொல்லவேண்டும். ஐந்தாவது உறையில் என்ன எழுதினேன் என்று ஒரு மாதமாக நினைத்துப் பார்க்கிறேன். வாழ்த்துக் கடிதத்தை வரிவரியாகச் சொல்லுவேன், இது மட்டும் நினைவில் இல்லை. உனக்கு இது தேவைப்படாது என்று நினைத்துக்கொண்டே எழுதியிருப்பேன். அப்படி எழுதியது எப்படி இருக்கும்? எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு திற.

அம்மா


டிசம்பர் 29

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் நலம். நீங்கள் எங்களை விசாரிக்கவில்லை என்பதைக் குறித்துக்கொண்டேன். அடுத்த கடிதத்தில் சேர்த்து விசாரிக்கவும்.

உங்கள் உத்தரவு கிடைத்தது. உறையை அப்பாதான் வெட்டினார். பட்டுத் துணியை வெட்டுவதுபோல வெட்டினார். ரப்பரையும் கூப்பிட்டிருந்தேன். மூவரும் சேர்ந்து படித்தோம். உள்ளே இருந்தது இதுதான்:

'பதற வேண்டாம். அதிகாலையில் எழுந்திரு. கால அட்டவணை போடு. தினமும் பத்துக் கணக்கு. செய்த தவறுகளைச் சிவப்பு மையால் குறி. சந்தேகங்களை ஆசிரியரிடம் கேள். அம்மா.'

அவ்வளவுதான், அம்மா. மூன்று மாதம் விளக்கின் மேல் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். "இது எங்க ஸ்கூல் சுவத்துலயே எழுதியிருக்கே" என்றாள் ரப்பர். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமல் என்று சமாளித்தார். நானும் சிரித்தேன். அழுகை வரும் என்று நினைத்துக் கைக்குட்டை எடுத்து வைத்திருந்தேன், அது வீணாயிற்று.

இப்போது விவரம். அன்றைக்கு வகுப்பு திரும்பிப் பார்த்தது உண்மை. மற்றவர்களிடம் மென்மையாகப் பேசியதும் உண்மை. ரப்பர் தொண்ணூற்றெட்டு வாங்கி, போன இரண்டுக்காக அழுதுகொண்டிருந்தாள். உங்கள் கடிதத்தில் இருந்தபடியே, 'மதிப்பெண் பெரிய விஷயமில்லை' என்று ஆறுதல் சொன்னேன். குறைவாக வாங்கியவர்களிடமும் அன்பாக இருக்கச் சொல்லியிருந்தீர்கள். எனக்குக் கீழே ஒரே ஒரு பையன்தான் இருந்தான், அவன் அன்றைக்கு வரவில்லை.

மூன்றாவது உறை மட்டும் நன்றாக வேலை செய்தது. நவம்பரில் ஒருநாள், சார் 'ஆகவே' என்று சொன்ன அதே நொடியில் எழுந்து, "சார், அந்த ஆகவேக்குள்ள என்ன சார் இருக்கு?" என்று கேட்டேன். வகுப்பு முழுக்கச் சிரிப்பு. சார் சிரிக்கவில்லை. பலகையையே கொஞ்ச நேரம் பார்த்தார். "நாலு வரி இருக்கு" என்று சொல்லி, நான்கையும் எழுதினார். அன்றிலிருந்து ஒவ்வொரு 'ஆகவே'க்கும் என் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் மேலே போகிறார். ரப்பருக்குக்கூட அந்த நான்கு வரி தெரியாதாம். கேட்க வெட்கப்பட்டு மனப்பாடம் செய்து வைத்திருந்தாளாம்.

இரண்டாம் தேர்வில் எனக்கு நாற்பத்தொன்று.

தோல்வி இல்லை, முதலிடமும் இல்லை. எல்லா உறைகளையும் எடுத்துப் பார்த்தேன். நாற்பத்தொன்றுக்கு உறை இல்லை, அம்மா.

இன்னொன்று. அந்த உறை மூடியிருந்த மூன்று மாதமும் உள்ளே என்ன எழுதியிருப்பீர்கள் என்று நானாகவே நினைத்துக்கொள்வேன். தினமும் கொஞ்சம் மாறும். உங்களுடையதைவிட அது நன்றாக இருப்பதால் எழுதி அனுப்புகிறேன். கடைசிக்கு முந்தின வரி மட்டும், கடலை அளந்த கதையை நீங்கள் எழுதியபின் சேர்த்தது.

'என் வாயாடிக்கு. இருபத்தேழு என்று கேள்விப்பட்டேன். அன்றைக்குக் காற்று அப்படி அடித்திருக்கிறது. நான் தினமும் அளக்கிறேன். ஒருநாள் அளவைப் பார்த்து யாரும் கடலுக்கு வேறு பெயர் வைத்ததில்லை. நாளைக்கும் அளப்பார்கள். அளவை மட்டும் யாரிடமும் மறைக்காதே, என்னிடம் மறைக்கவே மறைக்காதே. மறைத்தால் படகு தப்பான நாளில் கிளம்பிவிடும். சாப்பிட்டாயா?'

அன்பு மகள்


ஜனவரி 9

என் வாயாடிக்கு,

நலமா? சேர்த்துக் கேட்கிறேன்: நலமா, நலமா? அப்பாவின் இருமல் தேவலையா?

இன்றைய படகில் வந்த, நீ எழுதிய என் கடிதத்தை இரண்டு பேருக்கும் படித்துக் காட்டினேன். வானொலிக்காரர் எழுந்து வெளியே போய் வானத்தைப் பார்த்தார். அது அவர் வேலையில்லை. சமையற்காரர், "இதை நீங்க எழுதியிருக்க மாட்டீங்க" என்றார். இல்லை, என் மகள் எழுதியது என்றேன். "அதானே பார்த்தேன்" என்று முட்டையை எடுக்கப் போனார். நாற்பத்தொன்றுக்கும் ஒரு முட்டை கூடுதல்தான்.

நானே எழுதியதைப் போலவே இருக்கிறது, நான்தான் எழுதவில்லை. அதைப் பெட்டியின் அடியில் வைத்திருக்கிறேன். எனக்கும் மதிப்பெண் குறையும் நாள்கள் வரும்.

இன்று காலை கடல் படகுக்கு உகந்தது என்று அளவு வந்தது. நம்பாமல் இன்னொரு முறை அளந்தேன். என் ஆசை கருவியில் ஏறிவிட்டதோ என்று சந்தேகப்பட்டு மூன்றாம் முறை வானொலிக்காரரைப் பார்க்கச் சொன்னேன். "அமைதியாத்தான் இருக்குக்கா, கிளம்புங்க" என்றார்.

விடுப்பைச் சேர்த்து வைத்து முன்னதாகவே வருவதாகத் திட்டம் போட்டிருந்தேன் அல்லவா? அதைப் போன மாதமே கலைத்துவிட்டேன். பத்து நாள் இருப்பேன். பிறகு திரும்பி வந்து வருஷத்தை முழுசாக முடிக்கவேண்டும். பரவாயில்லை.

நீ சொன்னது சரி. நாற்பத்தொன்றுக்கு உறை இல்லை. அதற்கு ஆள்தான் வரவேண்டும்.

இந்தக் கடிதத்தில் அஞ்சல்தலை இல்லையே என்று பார்க்காதே. கதவைத் தட்டுபவள் கையில் இருக்கும். அவளை உள்ளே கூப்பிட்டு, முதலில் சாப்பிட்டாயா என்று கேள்.

அம்மா